பெரியக்காவின் மூன்றாவது ‘வா’

கண்ணாடிக்கடையில் பெரியக்கா பாடிய ‘வா’ என்கிற ஒற்றைச் சொல், அந்த வருஷத்து வெயில் காலத்தில், காலையில் கடை திறந்ததும் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டு வேளை வரைக்கும் நீண்டது. முதலில் அது ஒரு மூச்சு நீளம்தான் இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் வளர்வது கூட இருப்பவர்களுக்குத் தெரியாத மாதிரி, அதுவும் யாருக்கும் தெரியாமல் வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது. பெரியக்கா செத்து ரொம்ப காலம் ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடியது அவருடைய இசைத்தட்டு.

பெரியக்கா ஒரு சுவிசேஷப் பாடகர் குழுவின் தலைவி. ஆளும் பெரிசு, குரலும் பெரிசு, அதனால் அந்தப் பெயர். கண்ணாடிக்கடைக்காரருக்கு சுவிசேஷப் பாட்டென்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் தூங்குவார், பாட்டு ஆரம்பித்தால் யாரும் தட்டாமலே எழுந்துவிடுவார். கடையில் ஒரு சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடி, எதிர்ச் சுவர் முழுக்க இசைத்தட்டு. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எழுத்துப் பலகையில் கீழ் வரிசைக்கு வருவதற்குள் இவர் கையைத் தூக்கிவிடுவார். “இருங்க, இருங்க, இப்ப ஒரு மூச்சு வாங்குவாங்க பாருங்க!” வந்தவர் ஒரு கண்ணைப் பொத்தியபடியே அந்த மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போக முடியும். நால்வர் குழு ஒன்று பிரபலமாக இருந்தது. அதில் மூன்று பேர் பாடுகிறார்கள், நாலாவது ஆள் தலை வாரிக்கொண்டு நிற்கிறான் என்பது இவருடைய தீர்ப்பு. பாட்டுப் பாடும் போதகர் ஒருவரைப் பற்றிக் கேட்டால், “நல்ல மனுஷன், பிரசங்கத்தோட நிறுத்திக்கலாம்” என்பார். பெரியக்கா விஷயத்தில் மட்டும் பேச்சே கிடையாது. அவருடைய இரண்டாவது பாட்டில் டாம்பரின் என்கிற சலங்கை கட்டிய கைமேளம் ஒரே ஒரு இடத்தில் மயிரிழை தாமதமாக விழும். உலகத்தில் இதுவரை நடந்தவற்றிலேயே மிக அழகான காரியம் அதுதான் என்று இவர் சத்தியம் செய்வார்.

கடைசிப் பாட்டுதான் விவகாரம். அதில் ஆற்றின் அக்கரையில் நின்று பெரியக்கா ‘வா’ என்று கூப்பிடுவார், குழு ‘வருகிறோம்’ என்று பதில் சொல்லும். மறுபடி ஒரு ‘வா’, மறுபடி பதில். மூன்றாவது ‘வா’வுக்கு ஒரு சின்னப் பெண் தனியாக ‘இதோ வந்துட்டேன்’ என்று எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கடைசிச் சரணம். தட்டின் உறையில் பாட்டு முழுக்க அப்படித்தான் அச்சாகியிருந்தது. ஆனால் தட்டில் அந்தச் சின்னப் பெண்ணும் வரவில்லை, சரணமும் வரவில்லை. மூன்றாவது ‘வா’வோடு ஊசி எழுந்துவிடும். தயாரித்தவர்களின் சோம்பேறித்தனம் என்றார்கள் சிலர். கண்ணாடிக்கடைக்காரர் சண்டைக்குப் போனார். கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுவதுதான் கலை, மற்றதெல்லாம் வியாபாரம் என்றார்.

அவருக்குக் கல்யாணம் ஆகி, மனைவி கடையின் உள்ளறையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிற மெஷினில் உட்கார்ந்த வாரத்திலிருந்து அந்த ‘வா’ நீள ஆரம்பித்தது. எதிர்க் கடை ரேடியோ மெக்கானிக் வந்து, தட்டைத் தூக்கி, திருப்பி, பிளேயரைக் கழற்றிப் பார்த்தார். “அண்ணே, ஊசி ஒரே இடத்துல மாட்டிக்கல. உள்ள போய்க்கிட்டேதான் இருக்கு. தட்டுலதான் அவ்வளவு இடமில்ல” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதே தட்டை அவர் தன் கடையில் போட்டால் ஒரு மூச்சோடு முடிந்தது. ஆக, இது தன்னுடைய பக்திக்குக் கிடைத்த மரியாதை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தார். தலைகால் புரியவில்லை அவருக்கு. மனைவிக்குத்தான் அந்தப் பாட்டு ஆகாது. அது தொடங்கினாலே உள்ளே மெஷின் ‘கிர்ர்’ என்று அலறும். “உனக்குக் கடவுள் காதுக்குப் பதிலா கம்மல் மாட்ட ரெண்டு கொக்கி குடுத்திருக்கான்” என்று கேலி செய்வார். அவள் அடுத்த லென்ஸை எடுத்து மெஷினில் வைப்பாள்.

தெரு அந்த நீளத்துக்குப் பழகிக்கொண்டது. பக்கத்துத் தையல்காரர் அதைப் பிடித்துக்கொண்டு நேராகத் தைத்தார். மாடி வீட்டுக் கைக்குழந்தை அது கேட்டால்தான் தூங்கியது. சத்தம் அதிகம் என்று விசாரிக்க வந்த அதிகாரி, முடியட்டும் கேட்கலாம் என்று உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் ஆனதும் எழுந்து போய்விட்டார். கரண்ட் போனால் பெரியக்கா சட்டென்று நிறுத்த மாட்டார், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் காது டாக்டர் கண்ணாடிக்கடைக்காரரின் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, நரம்பு வற்றிக்கொண்டு வருகிறது, ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “கண்ணாடி விக்கிறவனுக்குக் கண்ணு நல்லா இருக்கு, காது போகுது பாரேன்.” பிறகு சிரிப்பு நின்றது. “எதைக் கேக்காம போனாலும் பரவாயில்லம்மா. அந்தக் கடைசிச் சரணத்தைக் கேக்காம காது அடைச்சுட்டா எனக்கு மனசே ஆறாது.” கலையாவது, வியாபாரமாவது, அவருக்கு அந்தச் சரணம் வேண்டும். இத்தனை வருஷமும் வேண்டித்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு மனைவி தேய்த்த லென்ஸ்கள் அத்தனையும் சின்னதாகிப்போய், பிரேமில் நிற்காமல் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

மறுநாள் தட்டைப் போட்டுவிட்டு, எத்தனை நேரம் ஆனாலும் இன்றைக்கு முடிவைக் கேட்காமல் எழுவதில்லை என்று அவர் ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘வா’ சாப்பாட்டு வேளையைத் தாண்டியது. மூன்று மணியையும் தாண்டியது. தையல்காரரும் மெக்கானிக்கும் வாசலில் வந்து நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போலப் பொறுமையாக இருந்தார். அப்போது உள்ளே மெஷின் நின்றது. அந்தப் பாட்டு ஓடும்போது அது நின்றது அதுதான் முதல் தடவை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“ஏங்க, அவங்க உங்களுக்காக இழுக்கல.”

“பின்ன?”

“எனக்காக. அந்த மூணாவது ‘வா’வுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்தான். ரெக்கார்டிங் செவப்பு லைட்டைப் பாத்ததும் வாய் பூட்டிக்கிச்சு. நான் வருவேன் வருவேன்னு அவங்க மூச்சு முட்டற வரைக்கும் இழுத்தாங்க. நேரம் முடிஞ்சுதுன்னு ஹால்காரங்க காலி பண்ணச் சொல்லிட்டாங்க, கம்பெனிக்காரங்க அப்படியே தட்டு போட்டுட்டாங்க. யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாம ஓடி வந்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க அதைக் கலைன்னீங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். இவர் ரசிகர். “நீ பெரியக்காவை நேர்ல பாத்திருக்கியா?” என்றார். “பக்கத்துல நின்னிருக்கியா? அப்ப அந்த ரெண்டாவது பாட்டுல டாம்பரின்...”

“அதுவும் நான்தான். பயத்துல லேட்டா தட்டிட்டேன்.”

உலகத்தின் மிக அழகான காரியத்தைச் செய்தவள் இத்தனை வருஷமாகத் தனக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதில்லாதவள் என்று கேலி செய்ததை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரியக்கா இழுத்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவு வருஷம் கழிச்சு எப்படிங்க?” என்று மனைவி முந்தானையைக் கசக்கினாள். “அவங்களுக்கு ஒண்ணும் லேட்டாகலையேம்மா, நின்னுக்கிட்டுத்தானே இருக்காங்க. போ” என்றார் அவர்.

அவள் பெட்டிக்கு எதிரே போய் நின்று, தொண்டையைச் செருமி, ‘இதோ வந்துட்டேன்’ என்று பாடினாள். சின்னப் பெண்ணின் குரல் இல்லை அது. நடுவயசுக் குரல், கண்ணாடித் தூள் படிந்தது, முதல் எழுத்தில் கொஞ்சம் உடைந்தது. பெரியக்கா நிறுத்தினார். நீளமாக ஒரு மூச்சு வாங்கினார். “ம், வந்தாயா” என்கிற மாதிரி ஒரு சின்னச் செருமல் கேட்டது. பிறகு குழு முழுக்கக் கடைசிச் சரணத்தை எடுத்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு எழுத்து விடாமல் கேட்டார். கண்ணீர் மூக்கில் இறங்கியது, துடைக்கவில்லை. ஊசி தானாக எழுந்தது.

அதற்குப் பிறகு பாட்டு எல்லாப் பாட்டையும் போல உரிய நேரத்தில் முடிந்தது. மெக்கானிக் தன் கடையில் வைத்திருந்த இன்னொரு தட்டிலும் சரணம் வந்துவிட்டது, அவள் குரலோடு. தையல்காரருக்குத்தான் தையல் கோணியது, கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மாடி வீட்டுக் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டதால் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை. டாக்டர் சொன்னபடி காதுகளும் அடுத்த வெயிலில் அடைத்துவிட்டன. கண்ணாடிக்கடைக்காரர் காலையில் தட்டைப் போட்டுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். மரம் அதிர்வதிலிருந்து எது எந்த இடமென்று அவருக்குத் தெரியும். மூன்றாவது ‘வா’ வரும்போது உள்ளே மெஷின் நிற்கும், கையைத் துடைத்துக்கொண்டு மனைவி வாசற்படியில் வந்து நிற்பாள். தட்டிலேயே குரல் இருக்கிறது, அவள் பாடத் தேவையில்லை. ஆனாலும் அவர் பார்க்க வேண்டுமே என்று வாய் திறந்து பாடுவாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் கையைத் தூக்குவார். “இருங்க, இருங்க, இப்ப என் வீட்டுக்காரி வருவா பாருங்க.” வந்தவர்களும் இருப்பார்கள்.