டீ டம்ளர் மேல் சாவி

அந்தக் கோர்ட்டில் பெண் வக்கீல்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதன் சாவி வக்கீல் சங்க அறையில், குமாஸ்தாவின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். கேட்டால் அவர் அறைக்கே கேட்கும்படி, "எதுக்கும்மா?" என்பார். சீட்டாடுகிற ஆண்கள் சிரிப்பார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவது வக்கீலான அவளுக்குப் பழகிவிட்டது.

ஆனால் இன்று மாதவிடாயின் இரண்டாம் நாள். பஸ்ஸில் நின்றே வந்ததில் நாப்கின் நனைந்து தொடையில் ஒட்டியது. மாற்றியே ஆக வேண்டும்.

ஆணி காலியாக இருந்தது. யாரோ வாங்கிப் போனதாகச் சொல்லிவிட்டுக் குமாஸ்தா காதைக் குடைந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், பூசிவரும் வாசனைக்காக எல்லோரும் அத்தர் என்று கூப்பிடும் ஆள், கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். சாவி கோத்த மரக்கட்டை அவருடைய டீ டம்ளருக்கு மூடியாகக் கிடந்தது. கழிப்பறை ஈரத்தில் ஊறிக் கறுத்த கட்டை.

"ஈ மொய்க்குது தங்கச்சி, அதான் மூடி வெச்சேன். டீயக் குடிச்சிட்டுத் தர்றேன். அவசரம்னா வீட்டுக்குக் கெளம்பு, வாய்தா நானே வாங்கித் தர்றேன்."

அந்தத் 'தங்கச்சி' அவளுக்குச் சோற்றில் வந்த மயிர் மாதிரி இருந்தது. கல்குவாரியில் கயிறு அறுந்து செத்தவனின் மனைவிக்காக இவள் நடத்தும் நஷ்டஈட்டு வழக்கு. குவாரி மேனேஜரை இன்று குறுக்கு விசாரணை செய்யாவிட்டால் இனி வாய்ப்பே கிடையாது என்று நீதிபதி போன முறையே சொல்லிவிட்டார். இவள் சாவிக்காகப் பல்லிளித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் வழக்கைக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை.

அவள் கறுப்பு அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினாள். "கெளம்பிருச்சு" என்று அத்தர் சொல்வதும், சீட்டுக் கலைக்கும் சத்தமும் முதுகில் விழுந்தன.

வழக்கைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கூண்டேறினார். எதிர்த்தரப்பு வக்கீல் வராவிட்டால், கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடுவார் என்று இந்தப் பக்கத்து வக்கீலே எழுந்து சொல்வதுதான் வக்கீல்களுக்குள் வழக்கம். நீதிபதி அதற்காகவே அவளைப் பார்த்தார். அவள் விசாரணையைத் தொடங்க அனுமதி கேட்டாள்.

செத்தவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்றுதான் முதலில் கேட்டாள். மேனேஜர் வாசலைப் பார்த்தார். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று இருமிக் காட்டுகிற ஆள் அங்கே இல்லை.

"தங்கமான ஆளுங்க. அன்னிக்குக் கயிறு நைஞ்சிருக்குன்னு நாலு பேரு எறங்க மாட்டேன்னுட்டானுங்க. நான் சொன்ன ஒரே சொல்லுக்கு இவன்தான் எறங்குனான்."

நீதிபதி எழுதிக்கொண்டார். அப்போதுதான் வாசனை முன்னால் வர, அத்தர் பின்னால் ஓடிவந்தார். விசாரணை முடிந்ததும் வராந்தாவில் அவளை மறித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கலாம்ல? தொழில் மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

"டீ ஆறிடுமேன்னு விட்டுட்டேன்."

செத்தவனின் மனைவி கூடவே நடந்தாள். அவளும் அதே குவாரியில் கல்லுடைக்கிறவள். வக்கீலின் பின்பக்கத்தில் கறையைப் பார்த்தாள். கழிப்பறை வாசலில் கிடந்த ஜல்லிக்கல்லை எடுத்துப் பூட்டில் இரண்டு போடு போட்டாள். கொண்டி பெயர்ந்து விழுந்தது.

உள்ளே காலி பிராந்தி பாட்டில்கள், சிகரெட் துண்டுகள், சுவரெல்லாம் ஆண்களின் மூத்திரம். குழாயில் தண்ணீர் இல்லை. இதற்கா இத்தனை நாள் அந்த ஆணிக்குக் கீழே நின்றோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு மாத்திட்டு வாம்மா," என்றாள் கல்லுடைக்கிறவள். கல்லைக் கீழே போடாமல் வாசலில் திரும்பி நின்றுகொண்டாள்.