சரிவுக்குக் கீழே ஒரு ரோடு ரோலர்

1971இல் அந்தமானின் பாராடாங் தீவில், சேற்று எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு நிலநடுக்கக் கருவியும் கொடுத்து என்னை உட்கார வைத்தார்கள். கரி பூசிய தாளில் ஊசி கீறும் கோடுகளைப் பார்த்து, போர்ட் பிளேருக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். சொன்னதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மழை பிடித்த மூன்றாம் வாரம், தாளில் ஒரே மாதிரிக் கீறல் திரும்பத் திரும்ப விழுந்தது. மேட்டுச் சேறு அடியிலுள்ள பாறையோடு உரசிப் பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. முதலில் மணிக்கு ஒரு தடவை. இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பிடி முழுசாக விட்டால், கீழே ரோடு போடும் கூலிகளின் பதினோரு குடிசைகள் மேல் மேடு வந்து உட்காரும்.

எனக்குச் சமைத்துப் போடும் மரகதம் அங்கேதான் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். உடனே காலி பண்ணச் சொன்னேன்.

"ஆர்டர் இல்லாம எழும்பினா ஓவர்சியர் சாப் நாளைக்கு காம் நஹி, வேலை கிடையாதுன்னுடுவாரு. அப்புறம் எங்க போறது சார்?"

வயர்லெஸ்ஸில் அதிகாரி பக்தவத்சலத்தைப் பிடித்தேன்.

"உராய்வு எத்தனை சதவீதம்யா குறைஞ்சிருக்கு?"

"சொல்ல முடியாது சார். ஆனா மேடு விழும்."

"உத்தேசத்துக்கெல்லாம் கேம்ப்பை மாத்த முடியாது. தாளை அடுத்த கப்பல்ல அனுப்பு, மெயின்லேண்ட்ல பாத்துச் சொல்லட்டும்."

அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். வெளியே பார்த்தேன். குடிசைகளுக்கு நடுவே இலாகாவின் ரோடு ரோலர் நின்றது.

"சார், கீழே கவர்மெண்ட் ரோலர் நிக்குது."

கரகரப்பை மீறி அவர் குரல் உயர்ந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா?"

அரை மணியில் ஆர்டர் வந்தது: ரோலரை எதிர் மேட்டுக்கு மாற்றவும், காவலுக்கு ஆள் போடவும். எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார்கள்.

"பதினோரு குடும்பம். காட்டு இடம் சார்."

மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கே எல்லோரும் இடம் மாறினார்கள்.

மறுநாள் மத்தியானம் மேடு இறங்கியது. குடிசைகள் இருந்த இடத்தில் ஆளுயரச் சேறு. மரகதத்தின் பிள்ளைகள் ரோலர் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அரசுச் சொத்தைக் காத்ததற்காகப் பக்தவத்சலத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த மாதம் முகாம் இன்னும் வடக்கே போனது. அங்கே கருவி கிடையாது. சாமான் எடுக்க வந்த மரகதத்திடம், புது இடத்தில் மேடு எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"மேட்டை யார் சார் பாத்தா? ரோலரை எங்க நிறுத்துறாங்கன்னு பாத்தோம். அதை ஒட்டியே குடிசை போட்டுட்டோம்."