அப்பா வரைந்த சிரிப்பு

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை.

அன்று மேசையில் கிடந்தவள் முந்நூறு வருஷத்துச் சிறுமி. வெள்ளைக் கவுன், மடியில் பூனை, வாய் நிறையச் சிரிப்பு. அந்தக் காலத்து ஓவியர்களுக்குச் சிறுமி என்றால் பூ, பூனை, சிரிப்பு. வேறு என்ன தெரியும்! இவளைப் பார்க்கத்தான் அருங்காட்சியகத்துக்கே கூட்டம் வரும். பஞ்சுக்குச்சியை மருந்தில் தொட்டு உதட்டோரம் உருட்டியதும் இடப்பக்கச் சிரிப்பு பஞ்சோடு வந்துவிட்டது. பழைய வண்ணம் இப்படிக் கரையாது. பிற்காலத்தில் யாரோ பூசியிருக்கிறார்கள். அடியில் இருந்தது, அழுகையை அடக்குகிற வாய். பாதி அழுகை, பாதி சிரிப்போடு அந்த முகம் அவளையே பார்த்தது. அவள் பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தாள்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"கண்காட்சிக்குப் போஸ்டரெல்லாம் அச்சாகிடுச்சும்மா. சிரிப்பைத் திரும்பப் போட்டுடுங்க. உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த உங்கப்பா போட்டதுதானே? ஃபைல்ல அதுக்கு மாதிரிப் படம் இருக்கும்."

"முடியாதுன்னா?"

"வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

ஃபைலில் ஒரு போட்டோ செருகியிருந்தது. ஒன்பது வயதில் அவளேதான், பல் தெரியச் சிரித்தபடி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் அப்பாவின் கையெழுத்தில் தேதி. அம்மா செத்து ஐந்தாவது நாள். தாடை வலிக்க வலிக்கச் சிரிக்கச் சொல்லி அவர் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் ஓவியத்துச் சிரிப்பை வரைந்திருக்கிறார்; முப்பது வருஷமாக ஊரே ரசித்தது இவள் சிரிப்பை. சிரிப்புக்குச் சொந்தக்காரிக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, படத்துல அந்தப் பொண்ணு அழுதுட்டுதானே இருந்தா?"

"ஆமா. மேலிடத்துல சிரிக்கணும்னாங்க."

"நீங்க போட்டோ எடுத்தப்ப நானும் அழுகையை அடக்கிட்டுதான் இருந்தேன்."

"அழற பொண்ணை யாரும்மா சுவத்துல மாட்டுவாங்க?"

பெற்றவர் என்றும் பாராமல் போனை வைத்தாள். அவ்வளவு கோபம். புதுப் பஞ்சை எடுத்து வலப்பக்கத்தையும் துடைத்தாள். சிறுமி முழுமுகமாக அழுதாள். இவளும் அழுதாள், அம்மாவுக்காக, முதல் தடவையாக.

மறுநாளே வேலை போயிற்று. போகட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஃபைலை மூடி வைத்தவளுக்கு, போட்டோவை உருவிக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கண்காட்சி திறந்த அன்று டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று போய்ப் பார்த்தாள். அவள் இடத்துக்குப் புதிதாக வந்தவன் கெட்டிக்காரன், அந்தப் போட்டோவைப் பார்த்தே வரைந்திருந்தான். அவளுடைய ஒன்பது வயதுச் சிரிப்பு, அப்பா வரைந்ததைவிட அச்சு அசலாக இருந்தது.