பெரிய பானையின் கொழுப்பு

யோங்னான் அன்று செய்தது திருட்டு வேலை. அதுவும் சொந்தச் சமையலறையில், பெற்ற மகளிடமே.

மாட்டெலும்பு சூப்பைக் கொதிக்கவிட்டு, குளிர்காலத்தில் பால்கனியில் ஆறவைப்பது கொரிய நகரமான சுன்ச்சோனின் வீடுகளில் வழக்கம். கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறையும். எடுத்து எறிந்தால் வேலை முடிந்தது. மகள் சோயுல் இருக்கும் வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. எலும்பு தனி, இறைச்சி தனி, கொழுப்பு தனி என்று எல்லாம் தராசில் ஏற வேண்டும். போட்டதில் எடுத்ததைக் கழித்து, சூப்பில் மிஞ்சிய கலோரி எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் வாயில் வைப்பாள். பத்தொன்பது வயதுப் பெண், எலும்பும் தோலுமாகிவிட்டாள். இன்னும் இளைத்தால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கண் விழித்ததும் மகளின் அறைக்கதவில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் கேட்ட பிறகே யோங்னான் முகம் கழுவுவாள்.

பயம்தான் அவளைத் திருடியாக்கியது. இந்த வாரம் கொழுப்பை எடுக்கவே இல்லை. மறுபடி கொதிக்கவிட்டுச் சூப்பிலேயே கலந்துவிட்டாள். எலும்பு சூப் எப்படியும் வெளுப்புதானே! தராசுக்கு மட்டும், ஃப்ரீசரில் ஒளித்து வைத்திருந்த பழைய கொழுப்புத் தட்டு.

"எல்லாம் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டபடி சோயுல் வந்தாள்.

"பின்னே? பாரு, எவ்ளோன்னு."

சோயுல் தட்டைத் தராசில் வைக்கவில்லை. அடுப்பிலிருந்த சின்னப் பானைக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். பானை வாயைத் தாண்டி நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது பெரிய பானையோடதும்மா."

யோங்னான் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்: போச்சு. இனி தண்ணீர்கூட என் கையால் வாங்க மாட்டாள்.

"மூணு நாளா இதே தட்டுதான். திருடவும் ஒரு திறமை வேணும்மா."

"தெரிஞ்சுமா குடிச்சே?"

சோயுல் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எவ்ளோன்னு தெரிஞ்சா என்னால முழுங்க முடியாது. எனக்குப் பயமா இருக்கும்மா. நான் மறுபடி கேக்குறேன், நீ சரியா சொல்லு." தட்டைத் தராசில் வைத்தாள். "எல்லாம் எடுத்தாச்சா?"

யோங்னான் தராசைப் பார்த்தாள்.

"ஒரு பொட்டு விடாம எடுத்தாச்சுடி."

சோயுல் கரண்டியை எடுத்தாள். அது வாய்க்குப் போய்ச் சேரும்வரை யோங்னான் மூச்சுவிடவில்லை.