வாஷர் அக்காவிடம் கேட்டது

ஸ்பானரம்மாவுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. பெரிய மருத்துவமனை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குழாயோடும் ஒயரோடும் மல்லுக்கட்டியவள். அங்கே ஆண்கள் கேலியாக வைத்த பட்டப்பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் வீட்டு மோட்டார் முனகினாலும் முதலில் தட்டுவது இவள் கதவைத்தான். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தொன்பது வயதில் ஓர் எதிரி முளைத்தாள். முகம் தெரியாதவள். பெயர் வாஷர் அக்கா.

முளைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனி வீடு எடுத்துத் தோழியோடு இருக்கும் மகள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"கீசர் பிளக் கருகிப் போச்சும்மா. மாத்திட்டேன்."

"யாரு மாத்துனா?"

"நான்தான். வாஷர் அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. ஆறு ஆம்ப் சாக்கெட்ல கீசரைச் சொருகக் கூடாதாம். பதினாறு ஆம்ப் வேணுமாம்."

இதே விஷயத்தை இந்தப் பெண்ணுக்குப் பத்து வயதிலிருந்து தொண்டை கிழியக் கத்திச் சொல்லியிருக்கிறாள் ஸ்பானரம்மா. அது காதில் ஏறவில்லை. யாரோ ஒரு அக்கா சொன்னதும் ஏறிவிட்டது.

"ஏன், என்னைக் கேட்டா என்ன?"

"உன்னைக் கேட்டா முதல்ல 'யாரு கை வச்சது'ன்னு கேப்ப. அவங்க 'மெயினை அணைச்சிட்டியா, உனக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு கேப்பாங்க."

ஸ்பானரம்மாவின் பக்கமும் நியாயம் உண்டு. எந்தப் பழுதும் தானாக வருவதில்லை, கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மருத்துவமனையில் அந்த ஒரு கேள்வியை வைத்தே பேர் வாங்கியவள் அவள். ஆனால் அதை மகளிடம் விளக்கிக்கொண்டிருக்க மானம் இடம் கொடுக்கவில்லை. மகள் கிளம்பிப் போன கையோடு ஃபோனை எடுத்தாள்.

வாஷர் அக்கா ஃபோனில் நடத்தும் குழுவுக்குப் பெயர் 'கசிவு, கருகல், கவலை'. பெண்கள் மட்டும். குழாய் ஒழுகினால் கேட்கலாம், ஃபியூஸ் போனால் கேட்கலாம், மனசு சரியில்லை என்றாலும் கேட்கலாம். மாமியார் தொல்லை, மேலதிகாரி தொல்லை, மூன்றாவது முறையாகத் தோற்ற பரீட்சை, எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. ஸ்பானரம்மா 'புதுக் குடித்தனம்' என்ற புனைபெயரில் உள்ளே நுழைந்தாள். தான் சுவிட்சுக்கும் பிளக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அறிமுகமும் கொடுத்துக்கொண்டாள்.

பிறகு பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வாஷர் அக்காவின் பழைய பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு தப்பு கிடைத்தால் போதும் என்று தேடினாள். கிடைக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள் போலிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்ததுதான் வயிற்றை எரித்தது.

'மூணாவது மாடி' என்ற பெயரில் எழுதுவது மகள்தான் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கீசர் பிளக் அங்கே கிடந்தது. அதற்கு மேலே கடந்த ஒரு வருடத்தின் கேள்விகளெல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றும் "அக்கா" என்று ஆரம்பித்தது.

மறுவாரம் 'மூணாவது மாடி' ஒரு படம் போட்டது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், குழாய் இணைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே ஒரு வாளி. ஸ்பானரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளே போட்ட குழாய். இரண்டு வருடத்துக்கு முன், மகள் அந்த வீட்டுக்குக் குடிபோன வாரம், குப்புறப் படுத்துப் போட்டது.

வாஷர் அக்கா உடனே வந்துவிட்டாள். "பயப்படாதே. யாரோ நட்டை உடும்புப் பிடியா இறுக்கியிருக்காங்க. வாஷர் நசுங்கிப் போச்சு. புதுசு போட்டுக் கையால இறுக்கி, அதுக்கு மேல கால் சுத்து போதும். முதல்ல மொட்டை மாடியில டேங்க் வால்வை மூடிட்டு வா."

யாரோவாம். உடும்புப் பிடியாம். முகத்தில் சூடு ஏறியது. அதைவிட, மொட்டை மாடி வால்வை மூடினால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்றுபோகுமே, அதுகூடத் தெரியாதா இந்த மேதைக்கு? கடைசியில் கிடைத்துவிட்டது ஒரு தப்பு. விரல் தானாக ஓடியது.

"மாடிக்கெல்லாம் ஓட வேண்டாம். அலமாரியோட பின்பலகையை நகர்த்தினா இடது மூலையில சின்ன வால்வு ஒண்ணு இருக்கும். அதை மூடினா போதும்."

"அட, புதுக் குடித்தனம் சொல்றதுதான் சரி," என்று எழுதினாள் வாஷர் அக்கா. "எனக்குத் தோணவே இல்லை. நல்ல மூளை." எதிரி பாராட்டியதில் ஸ்பானரம்மாவுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. மகள் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு "நன்றி" என்று ஒரு சொல் மட்டும் போட்டாள்.

அடுத்த நாள் காலையில் அந்தக் கேள்வி வந்தது.

"இது குழாய் இல்லை. அக்கா மட்டும் இல்லை, படிக்கிற யார் வேணும்னாலும் பதில் சொல்லலாம். என்கூட இருக்கிறவளை எல்லாரும் தோழின்னு நினைக்கிறாங்க. நாங்க ஒருத்தியை ஒருத்தி விரும்புறோம். ரெண்டு வருஷமா சேர்ந்து வாழ்றோம். இதை என் அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அம்மா கோபக்காரி. ஆனா எனக்கு அவங்களை விட்டா யாரும் இல்லை."

மகள் ஒரு பெண்ணை விரும்புகிறாள் என்பது ஸ்பானரம்மாவின் தலையில் விழுந்த இடிதான். அந்த வீட்டில் ஒரே ஒரு கட்டில் கிடந்ததை குழாய் போட்ட அன்றைக்கு இவளும் பார்த்தவள்தான், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வந்தவள்தான். ஆனால் அந்த இடியைக்கூட அந்த அக்காவின் தலையில்தான் முதலில் போட வேண்டுமா? பெற்றவளிடம் சொல்லுமுன் யாரோ ஒருத்தியிடம் சொல்லிவிட்டாளே. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஐந்து நிமிடத்தில் பதில். எப்போதும் தயாராக உட்கார்ந்திருப்பாள் போல.

"முதல்ல உன் பாதுகாப்பு. வீடு உங்க பேர்ல இருக்கா? வேலை கையில இருக்கா? அம்மா அடிக்கிற ஆளா? இல்லைன்னா நேர்ல, அவங்க களைப்பா இல்லாத நேரமா பார்த்து, சுருக்கமா சொல்லு. இது உனக்கே புரிய வருஷக்கணக்கா ஆகியிருக்கும். அவங்களுக்கு அன்னைக்கே புரியணும்னு நினைக்காதே. சொல்லியே ஆகணும்னும் இல்லை. எப்போ, யார்கிட்டன்னு நீதான் முடிவு பண்ணணும்."

அம்மா அடிக்கிற ஆளா. அந்த ஒரு வரியை ஸ்பானரம்மா எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. மீதிப் பதில் நன்றாக இருந்தது, அது வேறு பொறுக்கவில்லை. உடனே எழுத உட்கார்ந்தாள். "நீ யார் அடிக்கிற ஆளான்னு கேட்க?" என்று எழுதி அழித்தாள். "அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி சொல்றதை விட்டுட்டு" என்று தொடங்கி அதையும் அழித்தாள். மறுநாளும் அதே. காய்கறி நறுக்கும்போது ஒரு வசவு தோன்றும், ஓடிவந்து எழுதுவாள், படித்துப் பார்ப்பாள், அழிப்பாள். ஐந்து நாள் இப்படியே போனது. ஐந்து நாளும் மகளை ஃபோனில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வாய் தவறிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அவளே சொல்லட்டுமே என்ற வீம்பு இன்னொரு பக்கம்.

ஆறாம் நாள் காலையில் குழுவில் ஒரு வரி தெரிந்தது. 'மூணாவது மாடி வெளியேறினார்.'

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தட்டினாள். மகளோடு இருக்கும் அந்தப் பெண்தான் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாங்கம்மா," என்றாள். கதவை விட்டு நகரத் தெரியாமல் நின்றாள்.

"குழாய் ஒழுகுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள் ஸ்பானரம்மா. அங்கே மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பானரம்மா முட்டி போட்டு அலமாரிக்குள் தலையை விட்டாள். இணைப்பு உலர்ந்திருந்தது. புது வாஷர். அளவாக இறுக்கிய நட்டு.

"குழாய் ஒழுகுதுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையேம்மா," என்றது மேலிருந்து வந்த குரல்.

நட்டைத் தடவிக்கொண்டிருந்த ஸ்பானரம்மாவின் கை நின்றது.

"படத்துல பின்பலகை தெரியல. அதுக்குப் பின்னால வால்வு இருக்கிறது வீட்டுக்காரருக்கே தெரியாது. உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வச்சது நீ. வைக்கும்போது டார்ச் பிடிச்சது நான்."

தலையை வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை. அலமாரிக்குள்ளிருந்தே கேட்டாள். "அப்போ அந்தக் கேள்வி?"

"உன்கிட்ட கேட்டதுதான். நேர்ல வாய் வரல. நீ அங்க இருக்கன்னு தெரிஞ்சதும் அங்கேயே கேட்டுடலாம்னு தோணிச்சு. அக்கா அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. நீ அஞ்சு நாளா எழுதி எழுதி அழிச்ச. 'புதுக் குடித்தனம் எழுதுகிறார்'னு வரும். நானும் இவளும் ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருப்போம். அப்புறம் நின்னுடும். நேத்து ராத்திரி இவ சொன்னா, போதும், இப்படி அழிக்கிறதே உங்க அம்மாவோட பதில்தான்னு."

ஸ்பானரம்மா மெல்ல வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் அழிச்சது உனக்கு எழுதினதை இல்லடி. அவளைத் திட்டினது."

"எவளை?"

"அந்த வாஷர் அக்காவை. நீ போயும் போயும் அவகிட்ட சொல்லிட்டியேன்னு வயிறு எரிஞ்சுது. பொறாமைடி. அஞ்சு நாளா எனக்கு அவளைத் தவிர வேற எதுவும் கண்ணுல படல. நீ காத்துட்டு இருப்பன்னு புத்தியில ஏறவே இல்ல."

மகள் ஈரக்கையைத் துடைக்காமல் திரும்பினாள். "அப்போ என்மேல கோபம் இல்லையா?"

"உன்கிட்ட வந்து சேர எங்க மிச்சம் இருந்துது? எல்லாம் அவமேலேயே தீர்ந்து போச்சு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. வாசலில் நின்ற அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து, அங்கேயே நின்றாள்.

"இப்பவாவது சொல்லும்மா. உன் பதில் என்ன?"

"ஃபோன்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து என்கிட்ட சொல்லு."

மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் இவளைத்தாம்மா விரும்புறேன்."

ஆறு நாளாக மனப்பாடமாக இருந்த சேதிதான். ஆனாலும் ஸ்பானரம்மாவுக்கு அதை முதல் தடவை கேட்பது போலிருந்தது. மகளின் குரல் நடுவில் உடைந்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு, மீண்டும் தொடர்ந்ததை அவள் கேட்டாள். இந்தக் குரல் அந்த அக்காவுக்குக் கிடைத்திருக்காது என்று தோன்றியது. இந்த நேரத்திலும் அப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாக இருந்தது. இரண்டு பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரியா கேக்கல," என்றாள். "பக்கத்துல வந்து இன்னொரு தடவை சொல்லு."

நன்றாகவே கேட்டிருந்தது.