வடகிழக்கு மூலைக் கன்னிக்கால்

எங்கள் மகன் பிரியந்தனின் கலியாணத்துக்கு மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காகிவிட்டன. மிச்சம் ஒரு தடிதான். தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்று மாப்பிள்ளை வீட்டு வடகிழக்கு மூலையில் முள்முருக்கந்தடி ஒன்றை நட வேண்டும். கன்னிக்கால் என்பார்கள். அது தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும். பட்டுப்போனால்? இங்கே லண்டனில், இல்ஃபோர்டில் இருக்கிற என் சிநேகிதி ரஜனி வீட்டுத் தடி பனியில் ஒரே கிழமையில் கறுத்தது. அந்தச் சோடி இப்போது ஆளுக்கொரு திசை. நான் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

போதாக்குறைக்குப் பெண்ணின் தாய் நாகேஸ்வரி போன் எடுத்தார். "சம்மந்தி, வாளிக்குள்ள வச்சுப்போட்டுப் பிறகு குப்பையில எறியிற வேலை வேண்டாம். நிலத்தில நடுங்கோ. நான் வந்து வந்து பாப்பன்."

லண்டன் பிளேஸ்டோவில், தை மாதக் குளிரில், நிலத்தில். என் வீட்டுக்காரர் இராசரத்தினம், "விடும், நான் பாக்கிறன்" என்று செடி விற்கிற நேர்சரிக்குப் போனார். போனவர் வெறுங்கையோடு வந்து, பின்வளவு மண்ணைக் கிண்டி, குசினி மேசையில் வைத்து உருட்டத் தொடங்கினார்.

"என்ன, கொழுக்கட்டையோ?" என்றேன்.

"நேர்சரிக்காரிதான் உருட்டிப் பாக்கச் சொன்னவ. உதிர்ந்தா மணல், உருண்டா களி. இதில முறுக்கே பிழியலாம், பாரும்."

சுத்தக் களிமண். தண்ணீர் வடியாது. அதோடு ஒவ்வொரு செடிக்கும் குளிர் தாங்கும் இலக்கம் ஒன்று உண்டாம். ஒன்று என்றால் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் கொஞ்ச வேண்டும். ஏழு என்றால் எந்த உறைபனிக்கும் அசையாது. முள்முருக்குக்கு ஒன்றுதான். மனுசன் திரும்பவும் போய், "களிமண்ணில, பனியில, வெறும் தடியா நட்டாலும் சாகாத சாமான் தாங்கோ" என்று கேட்டு வாங்கி வந்தார். ஆற்றங்கரைகளில் வளர்கிற வில்லோ மரத்துத் தடி. இலக்கம் ஆறு. ஐயர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "உயிருள்ள கொப்பெண்டாப் போதும்" என்று மஞ்சள் பூசி நட்டுவிட்டார்.

சித்திரையில் தளிர்த்தது. நாகேஸ்வரி வந்து தடவிப் பார்த்து, படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த கோடைக்குள் மரம் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கக்கூசுத் தண்ணீர் கீழே இறங்க மறுத்தது. குழாய் திருத்துகிறவன் உள்ளே கமெரா விட்டுக் காட்டினான். சடை சடையாக வேர்.

"நேர்சரியில வீட்டுக்குத் தள்ளி நடச் சொன்னவையோ?" என்று இவரைக் கேட்டேன்.

"ஓம், சொன்னவைதான். ஐயர் வடகிழக்கு எண்டார். கக்கூசுப் பைப் அதாலதான் போகுது. நான் என்ன செய்யிறது?"

மருமகள் கோசிகா மரத்தை வெட்டச் சொன்னாள். "உம்மட அம்மா அழுவா" என்றான் பிரியந்தன். "அப்ப அந்த மரத்துக்குக் கீழயே குடியிருங்கோ" என்றாள் அவள். கலியாணம் முடித்து முதல் சண்டை. அம்மா வீட்டில் குளித்துவிட்டு வருகிறேன் என்றவள், உடுப்புப் பெட்டியை ஏன் இறக்கினாள்? தடி பட்டுப்போனால் பிரிவார்கள் என்று பயந்தேன், இது செழித்துப் பிரிக்கப் பார்க்கிறது. "பிள்ளையாரே, பொறுத்துக்கொள்ளும்" என்று மரம் அரிகிற வாளை எடுத்து நானே அறுக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டுப் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு ஓடி வந்த கோசிகா, வாளின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

குழாயை மாற்றினோம். நாகேஸ்வரிக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அடிக்கட்டையில் கொத்துக் கொத்தாய்த் தளிர். அறுத்து மூலையில் போட்ட தடிகளிலும் வேர். அந்த நேரம் பார்த்து மனுசி வந்து நின்றார்.

நாகேஸ்வரி குனிந்து பார்த்தார். கண் கலங்கியது. "சம்மந்தி, வெட்டினாலும் தளிர்க்குது. இதைவிட என்ன சகுனம் வேணும்? எங்கட சின்னவனுக்கும் தையில கலியாணம். ஒரு தடி தாங்கோ. எங்கட குளியலறைப் பக்கம்தான் வடகிழக்கு."

நான் கோசிகாவைப் பார்த்தேன். கோசிகா என்னைப் பார்த்தாள். பிறகு போய், இருந்ததில் மொத்தமான தடியாகப் பார்த்து எடுத்து வந்து தாயின் கையில் கொடுத்தாள்.

"நல்லா ஆழமா நடுங்கோ, அம்மா" என்றாள் என் மருமகள்.