கொக்குக் காடிக்கு மூன்று தட்டு

காலை ஆறு மணிக்கே அஞ்சலை தன் இரண்டு கீரைக்கூடைகளையும் ஹாஜா முகைதீன் வீட்டுக் கார்க் கொட்டகை வாசலில் இறக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தாள். கொட்டகைக்குள் புது டாக்சி நின்றது. ஜப்பான் கார். ஹயாமா என்று பெயர். அதன் மூக்கில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளிக் கொக்கு நின்றதால், மலாக்காவின் காஜா பேராங்கில் எல்லாரும் அதைக் கொக்குக் காடி என்றே சொன்னார்கள். அது கப்பலில் வந்து இறங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதில் நான்கு காலை மட்டும் கிளம்பியிருந்தது. நான்கும் பனி இல்லாத காலைகள்.

ஹாஜா சாவியைத் திருப்பினார். கார் இருமியது. மறுபடி திருப்பினார். அது இருமுவதையும் நிறுத்திவிட்டது.

"என்னா பாய், கீரை வாடிப்போனா எவன் வாங்குவான்?" என்றாள் அஞ்சலை.

"இரு அஞ்சல. புதுக் காடிலா. கொஞ்சம் யோசிக்குது."

"யோசிக்கிற காடிய யாரு வாங்கச் சொன்னா? பழசு யோசிக்காம ஓடுச்சே."

பழைய காரைப் புக்கிட் பாருவில் ஒரு இரும்புக் கடைக்காரர் முந்தின நாள்தான் இழுத்துக்கொண்டு போனார். பதினோரு வருஷம் அதை ஓட்டிய நல்லையா, அதன் மாற்றுச் சாவியைக் கொடுப்பதற்காக அன்று காலை கொட்டகைக்கு வந்தார். சாவியோடு அவருடைய வேலையும் முடிகிறது என்று ஹாஜா சொல்லியிருந்தார். புதுக் காருக்குக் கியர் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில், இடது கைப்பக்கம். நல்லையாவின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பழைய காரின் கியர் தரையிலிருந்து முளைத்திருந்தது; அதை உள்ளங்கையாலேயே தள்ளி ஓட்டிவிட்டார். புதுக் காருக்கு ஜெயபாலன் என்று ஒருவனைப் பேசி வைத்திருந்தார்கள். அவனுக்குப் பத்து விரலும் இருந்தன. நாற்பத்தாறு வயதில் எட்டு விரல் உள்ள டிரைவரை மலாக்காவில் வேறு எந்த முதலாளியும் கூப்பிடப்போவதில்லை என்று நல்லையாவுக்குத் தெரியும்.

அவர் சாவியை நீட்டவில்லை. காரின் மூக்கையே பார்த்தார். கிட்டப் போய்க் கொக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இது அதேதான்," என்றார்.

"எது அதே?" என்றார் ஹாஜா உள்ளேயிருந்து.

நல்லையா இடது மட்கார்டுப் பக்கம் குனிந்து காதை வைத்தார். பிறகு விரல் போன இடத்து மொட்டைக் கணுக்களால் ஒரு தட்டு தட்டினார். டொக். ஒரு பெருமூச்சு விடும் நேரம் பொறுத்தார். டொக், டொக்.

"இப்பப் போடுங்க மொதலாளி."

கார் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. ஹாஜா பயந்துபோய் அதை அணைத்துவிட்டார்.

"எங்கய்யா கத்துக்கிட்ட இத?"

"சயாம்ல. நாப்பத்தி மூணுல. இந்தக் கொக்கு போட்ட லாரியத்தான் எங்கிட்டக் குடுத்தானுங்க."

ஜப்பான்காரன் இருந்த காலத்தில், மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் நல்லையாவும் ஒருவர். அஞ்சலையின் புருஷன் மருதமுத்துவும் அன்று அவரோடு ஒரே லாரியில்தான் ஏறினார். நல்லையா திரும்பி வந்தார்.

அஞ்சலை எழுந்து வந்து காரின் முன்னால் நின்றாள். "இந்தக் கொக்கேதானாண்ணே?"

"இதேதான். அப்ப ரெண்டு காலையும் ஊனி நின்னுச்சு. இப்பக் கொஞ்சம் வசதி வந்திருச்சு போல, ஒண்ணத் தூக்கிக்கிச்சு."

ஹாஜாவுக்குக் குழப்பமாக இருந்தது. காரோடு வந்த வழவழப்பான சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிரித்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்.

"இங்க பாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல தையல் மெஷின் செய்ய ஆரம்பிச்சாங்க. மொதல் வண்டி செஞ்சது அம்பதுல. நடுவுல ஒண்ணுமே இல்ல. நாப்பத்தி மூணுல இது தையல் மெஷின் கம்பெனியாம்."

நல்லையா சற்று யோசித்தார். "அப்ப நான் தையல் மெஷினத்தான் ஓட்டியிருக்கேன் போல மொதலாளி. எட்டு மூட்ட அரிசி ஏத்துனோம் அதுல. திரும்பி வரும்போது சீக்காளிங்கள ஏத்துவோம். ஊசி எங்க இருந்துச்சுன்னுதான் ஞாபகமில்ல."

"அப்ப இந்தத் தட்டு?"

"காலைப் பனியில அதுக்குத் தொண்டை அடைச்சிரும். மொதல்ல பானெட்டத் தொறந்து உள்ளாற கைய விட்டுத்தான் எடுத்து விடுவேன். ஒரு நாளு காவக்காரனுக்கு அவசரம். கை உள்ள இருக்கிறப்பவே மூடிட்டான். அப்புறந்தான் வெளியில இருந்து தட்டுனாப் போதும்னு கண்டுபிடிச்சேன்."

வாடத் தொடங்கியிருந்த கீரையை அஞ்சலைதான் நினைவுபடுத்தினாள். ஹாஜா கீழே இறங்கி, டிரைவர் இடத்தைக் காட்டி, "நீயே ஓட்டிட்டுப் போ. ஜெயபாலன அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நல்லையா கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் கியர்க் குச்சியை இடுக்கி வண்டியை எடுத்தார். அஞ்சலை பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மார்க்கெட் வரைக்கும் முதுகைச் சீட்டில் சாய்க்கவில்லை. அதற்குப் பிறகும் எந்த நாளும் சாய்க்கவில்லை.

அந்த முதல் கப்பலில் மலாயாவுக்கு ஆறு கொக்குக் கார்கள் வந்ததாகச் சொன்னார்கள். மூவாரில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, தன் காரைத் தினமும் எருமை கட்டி இழுத்து உயிர்ப்பித்தார். எருமைக்குப் பழகிவிட்டது, காரைப் பார்த்தால் போதும், தானாகவே வந்து முன்னால் நிற்குமாம். கோலாலம்பூரில் ஒன்றில் கோழி அடைகாத்துப் பதினொரு குஞ்சு பொரித்தது. எழுதிக் கேட்டால், உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆறில் ஒன்று மட்டும், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த மூன்றாவது வருஷத்து மழைக்காலம் முழுவதும், தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் கிளம்பியது. அந்தச் செய்தி சிங்கப்பூருக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆயிற்று.

சிங்கப்பூரிலிருந்து கார் விற்கும் ஏஜென்டு சேதுபதி வந்தார். அவரோடு ஓனோ என்ற ஜப்பான் எஞ்சினியரும் வந்தார். மெலிந்த ஆள், ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி. பையிலிருந்து ஒரு நோட்டு, ரப்பர் தலை வைத்த சிறு சுத்தி, டாக்டர் நெஞ்சில் வைக்கும் குழாய் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டகையில் வரிசையாக வைத்தார். முதல் நாள் காலை ஓனோ சுத்தியால் தட்டினார். கார் கிளம்பவில்லை. இரண்டாம் நாள் இன்னும் மெதுவாகத் தட்டினார். இருமியது. நல்லையா இரண்டு நாளும் பக்கத்தில் நின்று, கடைசியில் போய்த் தட்டிக் கொடுத்தார்.

"ஏன் ஒரு தட்டுக்கு அப்புறம் நிறுத்துறீங்கன்னு கேக்கறாரு," என்றார் சேதுபதி.

"மொதத் தட்டு எழுப்புறதுக்கு சார். மத்த ரெண்டும் எந்திரிச்சிருச்சான்னு கேக்கறதுக்கு."

சேதுபதி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஓனோ சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஓனோ குழாயை மட்கார்டில் வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு, நல்லையாவைத் தட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். டொக். "இச்சி," என்று ஓனோ வாய்க்குள் எண்ணினார். டொக், டொக். "நி. சான்."

நல்லையாவின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொண்டன. தாடை மேலே போயிற்று.

"ஷி!" என்று கத்தினார்.

கத்திவிட்டு, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அங்கே அஞ்சலை கூடைகளோடு நின்றிருந்தாள்.

"என்னா டிரைவர் இது?" என்றார் சேதுபதி.

நல்லையாவுக்கே என்னவென்று புரியவில்லை. கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், பிறகு மெல்லத் தளர்ந்தார். "காலைல ஆள் எண்ணுவானுங்க சார். வரிசைல நிக்கணும். எனக்கு நாலு. எனக்கு வலப்பக்கம் மருதமுத்து, அவனுக்கு அஞ்சு."

ஓனோவின் பென்சில் அப்படியே நின்றது. காதிலிருந்து குழாயை எடுத்து நிதானமாகச் சுருட்டினார்.

"லாரியப் பத்திக் கேளுங்க சார்," என்றார் நல்லையா. "இவுங்க கொக்குதானேன்னு."

சேதுபதி கேட்டார். ஓனோ தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம், அவ்வளவு நேரம்.

"என்னா சொன்னாரு?"

"தெரியாதாம்."

"அதுக்கா அம்புட்டு நேரம்?"

"மரியாதையாச் சொன்னாரு," என்றார் சேதுபதி.

கிளம்பும் முன் ஓனோ நல்லையாவின் முன்னால் வந்து இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். நல்லையா அவரைவிடக் கீழே குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹாஜா வந்துதான் இருவரையும் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்.

காப்பி ஆறும் வரை நல்லையா சேதுபதியின் பக்கத்திலேயே நின்றார். "சார், ஒண்ணே ஒண்ணு. மொதலாளிக்கு ஒரு கடிதாசி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க இவர்கிட்ட. இந்தக் காடிக்கு இந்த டிரைவர்தான்னு."

"கடிதாசி எதுக்கு? கம்பெனி ஒங்கள மறக்காதுலா. வாங்க, படம் எடுப்போம். காலண்டர்ல போடலாம்."

நல்லையாவை டிரைவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். கியரில் கை வைக்கச் சொன்னார் சேதுபதி.

"அந்தக் கைல வெரலு இல்லியே சார்."

"இருக்கறத வைங்க."

நல்லையா தன் செப்புக் காப்பை மணிக்கட்டில் சரியாகத் தள்ளிவிட்டு, இருந்த மூன்று விரலையும் வைத்தார். ஓனோ படம் எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு சின்ன டப்பா வந்தது. பஞ்சுக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளை ஊசி இருந்தது. கார்புரேட்டரில் உள்ள பழைய ஊசியை எடுத்துவிட்டு இதைப் போடவும் என்று ஒரு தாளும் இருந்தது. பெண்டஹாரா தெருவில் ஹாஜாவின் துணிக்கடைக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் நல்ல பனி. நல்லையா வருவதற்குள் ஹாஜா சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தார். கார் கிளம்பிவிட்டது. "அல்லா!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். கொட்டகை வாசலில் நல்லையா நிற்பதைப் பார்த்ததும், சாவியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

நல்லையா வந்து, ஓடிக்கொண்டிருந்த காரைக் குனிந்து தட்டினார். டொக். பொறுத்தார். டொக், டொக். பிறகு காதை வைத்துக் கேட்டார்.

"எந்திரிச்சிருச்சு நல்லையா," என்றார் ஹாஜா மெதுவாக.

மாதக் கடைசி வரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் பசியாற வரச்சொல்லி, தோசையைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார்.

"புதுக் காடி. ஆயர் குரோ பக்கம் எல்லாம் வெள்ளைக்காரத் துரைங்களும் ஏறுறாங்க. கியர் போடும்போது கையப் பாக்கறாங்க நல்லையா. நான் ஒண்ணும் சொல்லல. அவுங்க பாக்கறாங்க."

"பானெட்டுக்குள்ள கைய விட்டது நான்தானே மொதலாளி."

"ஒன்ன விட்டுருவனா? காலைல வந்து காடியக் கழுவிக் குடு. ஒன்ன மாதிரி அதத் தெரிஞ்சவன் யாரு?"

முதல் தேதியிலிருந்து ஜெயபாலன் ஓட்டினான். நல்லவன்தான், நல்லையாவை அண்ணே என்றுதான் கூப்பிட்டான். நல்லையா ஐந்தரைக்கு வந்து, வாளியில் தண்ணீர் பிடித்து, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுவார். கழுவி முடித்ததும் கை தானாக மட்கார்டுக்குப் போகும். டொக்.

"அண்ணே, தட்டாதீங்கண்ணே," என்பான் ஜெயபாலன். "பெயிண்டு போயிரும்."

டிசம்பரில் கம்பெனிக் காலண்டர் வந்தது. ஹாஜா ஒன்றைக் கடையிலும் ஒன்றைக் கொட்டகைச் சுவரிலும் மாட்டினார். அன்று காலை அஞ்சலை கூடைகளை இறக்கிவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காரின் உள்பக்கம், பளபளக்கும் கியர்க் குச்சி, அதன்மேல் ஒரு கை. மணிக்கட்டில் செப்புக் காப்பு. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, பக்கத்தில், முதல் வண்டி செய்ததாகப் புத்தகம் சொன்ன அதே 1950 இருந்தது.

"அண்ணே, இது ஒங்க காப்புதானே?"

நல்லையா ஈரத் துணியோடு வந்து பார்த்தார். காப்பில் இருந்த நெளிவுகூட அப்படியே இருந்தது. "ஆமா. என் காப்புதான்."

"அப்பக் கையி?"

"என் கையிதான்."

"வெரலு எல்லாம் இருக்கேண்ணே."

அவர் இன்னும் கிட்டப் போனார். ஒவ்வொரு விரலும் நீளமாக, வெள்ளையாக, நகம் வெட்டி, கொக்கின் கழுத்துப்போல வளைந்து கியரைப் பிடித்திருந்தது. தன் இடது கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார். பிறகு வலது கை விரலால் படத்தில் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இச்சி. நி. சான். ஷி."

நான்காவதில் நின்று, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார்.

வெளியே கார் ஒரே திருப்பில் கிளம்பியது. ஜெயபாலன் ஹார்ன் அடித்தான். அஞ்சலை அவசரமாகக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏறி, முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கார் தெருவில் திரும்பியது. கொட்டகையில் நல்லையாவின் விரல் நான்காவது விரல்மேலேயே இருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் காலண்டரில் இறங்கி, ஐந்தாவது விரலை நனைத்துக்கொண்டிருந்தது.